பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு முக்காலிகள்

எனக்குப் பிறகு எங்கள் கோயிலில் கோயில்பிள்ளை வேலைக்கு வந்திருக்கும் ஜான்சன் போன வாரம் போன் செய்தார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்குக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கடைசியில் இன்னொன்றும் கேட்டார்.

"அண்ணே, மத்த பங்குல எல்லாம் கால் கழுவிக்கின பன்னெண்டு பேரும் பூசை முடியற வரைக்கும் முன்னாடியே குந்தினு இருப்பாங்க. நன்மைக்கும் அவங்கதான் மொதல்ல போவாங்க. நம்ம கோயில்ல மட்டும் கழுவின ஒடனே அவங்கவங்க எடத்துக்குப் போய்ட்றாங்க. இன்னாத்துக்குண்ணே? புது ஃபாதர் கேக்கறாரு."

பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை எங்கள் பக்கம் நன்மை என்றுதான் சொல்வோம். ஜான்சன் கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் தினமும் பூசைப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தை எடுத்து நாடாவைப் போட்டு வைத்தவன் என்பதால் படிப்பது விட்டுப்போகவில்லை. எழுதுவதில் குறையிருந்தால் பங்கு இதழ் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளும் வேலைக்குப் போனேன். அங்கே எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பார்கள். நான் வாய் திறக்காதவன், அதனால் எனக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். அப்போதைய கோயில்பிள்ளைக்கு வயதாகிவிட்டது, ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். பேசாமலே செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது பட்டது. கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, பீடத்துணி விரிப்பது, அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துவைப்பது, தூபக்காலில் கரி பற்றவைப்பது. எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள், ஆனால் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மைக்கைச் சோதிக்கும்போதுகூட 'ஹலோ' சொல்ல மாட்டேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இப்படியே காலம் ஓடிவிட்டது. போன வருடம் முட்டி தேய்ந்துபோய் மண்டியிட முடியாமல் வேலையை விட்டேன்.

நான் பல பங்குத்தந்தையரிடம் வேலை செய்திருக்கிறேன். கால் கழுவும் சடங்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஃபாதர் தைரியநாதன். ஒல்லியான மனிதர். பூசைக்கு முன்னால் பேச மாட்டார். வேண்டியதை மோவாயால் காட்டுவார். நான் ஏதாவது தப்புச் செய்தால் பீடத்தில் முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். பூசை முடிந்து, உடைகளைக் கழற்றி மடித்து வைத்து, மெழுகுவர்த்தியெல்லாம் அணைத்த பிறகுதான் சொல்வார். அதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

அவரோடு செய்த முதல் பெரிய வியாழனில் குழாய்த் தண்ணீரை அப்படியே கூஜாவில் பிடித்து வைத்துவிட்டேன். வயதானவர் ஒருவருக்கு அது பட்டதும் ஆடுசதை இழுத்துக்கொண்டது. கோயில் நடுவில் காலைப் பிடித்துக்கொண்டு, "யம்மாடி, வுடு சாமி, வுடு சாமி," என்றார். ஃபாதர் விடவில்லை. அந்தக் காலைத் தன் மடியில் வைத்து, இழுப்பு விடும்வரைக்கும் நீவிக்கொடுத்தார். பாடகர் குழு அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று. அன்று விளக்கெல்லாம் அணைத்த பிறகு, "வெந்நீர். நம்ம முழங்கையில ஊத்தினா சுடக் கூடாது," என்றார். அவ்வளவுதான்.

ஜான்சனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். முக்காலிகளைப் பீடத்தின் முதல் படிமேல் போட வேண்டும், தரையில் போட்டால் குருவானவர் இடுப்பு போய்விடும். முட்டி வலி உள்ளவர்களை ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். வலது கால் மட்டும்தான், செருப்பை முன்னாலேயே பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே விட்டுவர வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு, ஒருவருக்குத் துடைத்ததை இன்னொருவருக்குத் துடைக்கக் கூடாது.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது ஒன்று உண்டு. கழுவப்போகும் காலை யாரும் அழுக்காகக் கொண்டுவர மாட்டார்கள். முதல் நாளே கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் பூசி, புது வேட்டி கட்டி வருவார்கள். ஒரு வருடம் ஒருவர் கால் முழுக்கப் பவுடர் கொட்டிக்கொண்டு வந்தார். வெந்நீர் பட்டதும் அது குழைந்து பசையாகிவிட்டது. ஃபாதர் அன்று உடை மாற்றும் அறையில் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். "அடுத்த வருஷம் சுண்ணாம்பும் அடிச்சுக்கிட்டு வருவாங்க," என்றார்.

சில குருக்கள் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டுத் துண்டால் ஒற்றிவிட்டுப் போவார்கள். ஃபாதர் தைரியநாதன் அப்படியில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார், நான் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். இடது கையைக் குதிகாலுக்குக் கீழே கொடுத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைப்பார். பிறகு குனிந்து முத்தமிடுவார். அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று முன்னாலேயே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

பெண்களையும் அந்தப் பன்னிரண்டு பேரில் சேர்க்கலாம் என்று திருச்சபையின் உத்தரவு வந்தபின் எங்கள் கோயிலிலும் ஆறு பெண்களைச் சேர்ப்பது என்று முடிவானது. பங்குப் பேரவையில் ஐந்து பேருக்குச் சட்டென்று பெயர் சொல்லிவிட்டார்கள். டீச்சர், நர்ஸ், பாடகர் குழுவில் இருப்பவர் என்று. ஆறாவது யார் என்று பேச்சு வந்தபோது, ஃபாதர் மோவாயைப் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் தூக்கி, "அங்க வாதாமரத்தடியில ஒருத்தங்க நிப்பாங்களே," என்றார்.

எல்லோருக்கும் அவரைத் தெரியும். பிலோமினாக்கா, காசிமேட்டில் மீன் விற்பவர். ஞாயிறு மாலைப் பூசைக்குத் தவறாமல் வருவார். ஆனால் கோயிலுக்குள் வர மாட்டார். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே வாதாமரத்தடியில் நின்று, முக்காட்டைப் போட்டுக்கொண்டு முழுப் பூசையும் கேட்டுவிட்டுப் போவார். அவரைக் கோயிலில் தாலி கட்டிய புருஷன் விட்டுவிட்டு எங்கோ போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதன்பிறகு அவர் ஏழுமலை என்பவரோடு குடும்பம் நடத்துகிறார். ஏழுமலை மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், இந்து. முதல் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை சொல்லாதவரை, இப்படி இன்னொருவரோடு வாழ்பவர் நன்மை வாங்க முடியாது.

பேரவைச் செயலாளர், "நாளைக்கு யாராவது கேட்டா என்ன ஃபாதர் சொல்றது?" என்றார்.

"என்கிட்ட அனுப்புங்க," என்றார் ஃபாதர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க," என்றார்.

அந்நியப் பெண்களோடு நின்று பேசிப் பழக்கமில்லாதவன் நான். மறுநாள் காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். மீன் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினாக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

"இன்னா கோயில்பிள்ள, மீனு வாங்க வந்தியா, மீனுக்கு மந்திரிக்க வந்தியா?"

"அக்காகிட்ட ஒரு விஷயம்," என்றேன்.

"பாரேன், வாய தொறந்துச்சி. யக்கா பிலோமி, உன்னாண்ட இன்னாவோ ரகசியம் பேசணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிலோமினாக்கா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"நா உள்ள வரக்கூடாதுபா. உனுக்கே தெரியுமே."

"யாருக்கா சொன்னது?"

"நன்மை வாங்கக்கூடாதுன்னு அப்ப இருந்த சாமியாரு சொன்னாரு."

"அது நன்மைக்குத்தாங்கா. உள்ள வரக்கூடாதுன்னு சொன்னாரா?"

"சோறு போடாத எலையில எவடா போய்க் குந்துவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி செதில் எடுக்க ஆரம்பித்தார். "சாமியாராண்ட சொல்லு, என்னிய நெனச்சிக்கினாரு பாரு, அதுவே போதும்னு."

நான் திரும்பி வந்து ஃபாதரிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. ஏழுமலை இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றபடி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணாத்த, ஒண்ணு கேக்கணும். அது வூட்டாண்ட வந்து விஷயத்த சொல்லிட்டு அழுதுச்சி. மார்க்கெட்ல அழுவாது, வூட்ல அழுதுச்சி." கொஞ்ச நேரம் வண்டி பிரேக்கை அழுத்திக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தார். "நா வூட்ட வுட்டுப் போய்ட்டா அத்த உள்ள சேத்துப்பீங்களா? எனுக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. வண்டியிலயே பட்துப்பேன். மொதல்லலாம் அப்டித்தான் கெடந்தேன்."

"இருப்பா," என்று சொல்லிவிட்டு ஃபாதரிடம் ஓடினேன். ஃபாதர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். வண்டியின் பலகையில் ஓரமாக உட்கார்ந்தார். மீன் ஈரம் அங்கியில் பட்டதைப் பார்த்து ஏழுமலை பதறினார். ஃபாதர் அதைக் கவனிக்கவில்லை.

"அவங்களுக்கு ஒடம்பு முடியாம போனா யாரு பாத்துக்கறது?"

"நாந்தான் சாமி. போன மழையில கூட டைபாய்டு வந்துச்சி."

"அப்ப நீங்க எங்கயும் போகாதீங்க." பிறகு சொன்னார்: "நன்மை வாங்கறதுக்கு ஒரு முறை இருக்கு. பழைய கல்யாணத்தப் பத்தி ஆயர் இல்லத்துல மனு போடணும். விசாரிப்பாங்க, நாளாகும். நடக்கும்னு இப்பவே நான் சொன்னா அது பொய். ஆனா உள்ள வந்து உக்கார்றதுக்கு மனுவெல்லாம் கெடையாது. அதை மட்டும் அவங்களுக்குச் சொல்லுங்க."

"நா சொன்னா கேக்காது சாமி."

"நாளைக்கும் சொல்லுங்க."

ஏழுமலை எத்தனை நாள் சொன்னாரோ தெரியாது. பெரிய வியாழன் மாலை நான் முக்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவருகே நிழலாடியது. பிலோமினாக்கா பச்சைப் புடவையில் நின்றிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசல்படியில் ஒரு காலை வைத்து அப்படியே நின்றார். எட்டாவது முக்காலியைக் கையால் துடைத்துக் காட்டினேன். வந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஒன்பதாவதாக லூர்துசாமி பெரியவர். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி, மெதுவாகப் பேசுவது என்பதே மறந்துபோனவர். பிலோமினாக்கா இரண்டு காலையும் முக்காலிக்கு அடியில் இழுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, கால ஒளிச்சி வெச்சிக்கினு கீற? சாமியாரு பைனா போடப்போறாரு?"

முன்வரிசையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிலோமினாக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஃபாதர் அவர் முன்னால் வந்து மண்டியிட்டபோது நான் கூஜாவைச் சாய்த்தேன். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் நின்று நின்று வெடித்த பாதம். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரே ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபாதர் அதைக் கட்டைவிரலால் மெதுவாக நகர்த்தி எடுத்தார்.

"எவ்ளோ தேச்சாலும் ஒண்ணு நின்னுடுது சாமி," என்றார் பிலோமினாக்கா, காதில் விழாத குரலில்.

ஃபாதர் துடைத்து, குனிந்து முத்தமிட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனார். ஒரு குறையும் இல்லாமல் முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியானேன்.

பிறகு பூசை தொடர்ந்தது. 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பத்துணுக்கு கீழே விழாமல் பிடிக்கும் நன்மைத் தட்டை எடுக்கப் போனேன். தட்டைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நன்மைக்கு முதலில் போவது இந்தப் பன்னிரண்டு பேர்தான். அப்போது எங்கள் கோயிலிலும் அப்படித்தான். முக்காலி வரிசைப்படியே எழுந்து ஒருவர்பின் ஒருவராகப் போவார்கள். காலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் எங்கள் யாருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பதினொரு பேர் எழுந்து போக, ஒருவர் மட்டும் பீடத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறார். வாதாமரத்தடியிலாவது அவரை யாரும் பார்க்காமல் இருந்தார்கள்.

ஃபாதர் அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் போய்ப் பேச முடியாது. பிலோமினாக்காவை மெதுவாக வெளியே போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதைவிடக் கொடுமை வேறில்லை என்று தோன்றியது. ஃபாதர் நற்கருணைக் கிண்ணத்தோடு இறங்கினார். நான் தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

முதலாமவர் எழுந்தார். இரண்டாமவர். வந்தவர்களின் தாடைக்குக் கீழே தட்டை நீட்டிக்கொண்டே நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினாக்காவுக்கும் புரிந்துவிட்டது. முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார். ஆறாமவர் போனார். ஏழாவதாக இருந்த டீச்சரும் எழுந்து வந்துவிட்டார். வரிசை அங்கே அறுந்து நின்றது.

அப்போது லூர்துசாமி பெரியவர் குரல் கேட்டது. பாட்டையும் மீறிக் கேட்டது.

"எம்மா, கால் மரத்துப் போச்சி. கையக் குடு."

"நா வரக்கூடாது பெரியப்பா."

"நீ இன்னாத்துக்கு வர? நான்தான் போவணும். நா வுழுந்தா யாரு தூக்கறது?"

பிலோமினாக்கா எழுந்து அவர் கையைப் பிடித்தார். பெரியவர் முழுப் பாரத்தையும் அவர்மேல் சாய்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து வரிசையில் வந்தார்கள். ஃபாதர் பெரியவருக்கு நன்மை கொடுத்தார். பெரியவர் நகரவில்லை, பிலோமினாக்காவின் கையையும் விடவில்லை. பிலோமினாக்கா தலையைக் குனிந்துகொண்டு, உதடுகளை இறுக்கி மூடி நின்றார்.

ஃபாதர் கிண்ணத்தை இடது கைக்கு மாற்றினார். வலது கையை அவர் தலைமேல் வைத்து, "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக," என்றார். மற்றவர்களுக்கு ஆன நேரமே இதற்கும் ஆனது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் கை, பழக்கத்தில், தட்டை அவர் தாடைக்குக் கீழேயும் நீட்டியிருந்தது. ஃபாதர் கையை எடுக்கும்வரை நானும் எடுக்கவில்லை.

பிலோமினாக்கா, "ஆமென்," என்றார். இருவரும் திரும்பிப் போனார்கள்.

பெரியவருக்கு நிஜமாகவே கால் மரத்துப்போனதா என்று நான் கேட்டதில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவை ஓடிப்போய்ப் பிடித்ததைப் பார்த்தேன்.

அன்று உடை மாற்றும் அறையில் ஃபாதர் எல்லாவற்றையும் மடித்து வைத்தார். மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டு வந்தேன். கைக்கடிகாரத்தைக் கொடுத்தேன்.

"ரெண்டு பேருமே மறந்துட்டோம் இல்ல?" என்றார்.

"ஆமா ஃபாதர்."

"அடுத்த வருஷத்துல இருந்து கால் கழுவினதும் அவங்கவங்க எடத்துக்குப் போயிடட்டும். நன்மைக்கு எல்லாரோடயும் சேர்ந்து வரட்டும், வராம இருக்கட்டும். யாரையும் நாம முன்னாடி உக்கார வச்சுக் காட்ட வேண்டாம்."

ஜான்சன், நம் கோயில் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். பங்குப் பேரவையில் தீர்மானம் எதுவும் போடவில்லை. அடுத்த வருடம் நான் பன்னிரண்டு பேரிடமும் ஆளாளுக்குச் சொன்னேன், அப்படியே நிலைத்துவிட்டது. புது ஃபாதர் மாற்ற வேண்டும் என்றால் மாற்றட்டும், அது அவர் பொறுப்பு. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அந்த முக்காலிகளில் யார் யார் உட்காருகிறார்கள் என்று நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். அது கோயில்பிள்ளையின் வேலை. பேச வராதவனுக்கும் அது வேலைதான்.

பிலோமினாக்காவின் மனு ஆயர் இல்லத்தில் இன்னும் விசாரணையில் இருக்கிறது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதிக்கோ. நா அழுதத மட்டும் எழுதாத," என்றார். அது ஏழுமலை சொன்னதாயிற்றே என்றேன். "அந்தாளாண்ட நா பேசிக்கிறேன்," என்றார்.

அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு மாலைப் பூசையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். பூசை தொடங்கும் நேரத்தில் ஏழுமலையின் வண்டி கேட்டருகே வந்து நின்றது. பிலோமினாக்கா இறங்கி, வாதாமரத்தடிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக அந்த பெஞ்சில் உட்காரும் குடும்பம் பிள்ளைகளோடு வந்தது. அவர்களைப் பார்த்ததும் இவர் எழுந்துவிட்டார்.

"எங்க போற?" என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். "நவுந்து குந்துக்கா. எடம் கீது."

நகர்ந்து உட்கார்ந்தார். மணி அடித்துவிட்டு நான் அந்தப் பக்கமாகத்தான் நின்றிருந்தேன். வருகைப் பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மார்க்கெட்டில் மூன்று வரிசை தாண்டிக் கேட்கிற குரல். பாடகர் குழுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்மோனியம் வாசித்தவர் ஒரு கட்டை தப்பினார். பீடத்தில் ஃபாதர் தலை நிமிர்ந்தார்.

பக்கத்துப் பெண் அவர் முழங்கையை இடித்து, "யக்கா, மெதுவா பாடுக்கா. காது போவுது," என்றார்.

பிலோமினாக்கா சட்டென்று நிறுத்தினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"கோச்சிக்காதமா. இத்தினி வருசமா வெளிய நின்னே பாடினேன். உள்ள எவ்ளோ சத்தமா பாடணும்னு தெரியல."